பொங்கல் விளையாட்டு விழாவுக்கு வனத் தோட்டக் கழகத்திடம் உதவி கேட்கலாமா?

கோரையாற்றங்கரை (வினா):
மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் இளைஞர் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி நடத்துகிறோம். இதுவரை ஊர் வரியையும் வெளிநாட்டில் இருப்போர் அனுப்பும் தொகையையும் கொண்டு சமாளித்தோம். இம்முறை அரசு வனத் தோட்டக் கழகத்திடம் பரிசுத் தொகையும் மேடைச் செலவும் கேட்டு, அதே மேடையில் 500 மரக்கன்றுகளையும் பெற்று வாய்க்கால் கரையில் நடலாம் என்று சிலர் கூறுகின்றனர். இப்படிக் கேட்பது வழக்கமா? யாருக்கு எழுத வேண்டும்?

ஓய்வுபெற்ற வனவர்:
வனத்துறை வேறு, 1974-இல் தொடங்கப்பட்டுத் திருச்சியில் தலைமையகம் கொண்ட வனத் தோட்டக் கழகம் வேறு. கழகம் தைலமரமும் முந்திரியும் வளர்த்து விற்கும் நிறுவனம். அதன் தோட்டங்கள் புதுக்கோட்டை போன்ற மேட்டு நிலங்களில் உள்ளன. எந்த நிறுவனமும் தன் வேலிக்கு அடுத்த ஊரைத்தான் முதலில் பார்க்கும். கன்றுகளுக்கு வனச்சரக அலுவலகத்தை அணுகுங்கள். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக உயர்த்த 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நட இடமும் காக்க ஆளும் உள்ள ஊர்கள் அதற்குத் தேவை.

ஆனால் பொங்கலன்று நடாதீர்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்பட்டபின் வாய்க்கால் வறண்டுவிடும்; தையில் வைத்த கன்று வேர் பிடிக்குமுன் பங்குனி வெயிலில் கருகும். ஐப்பசி மழையில் நட்டால் இரண்டு மாதமாவது ஈரம் கிடைக்கும். விருந்தினர் கையால் வாங்கிய கன்று சித்திரையில் வெறும் குச்சியாக நிற்பதைப் பணிக்காலத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

கும்பகோணம் கணக்கர்:
பணம் பற்றி ஒரு சொல். நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுகளை வளர்க்கும் பயிற்சியும் மரம் வளர்ப்பும் அப்பட்டியலில் அடங்கும். ஆனால் பெயர்ப் பலகைக்காகத் தரும் விளம்பரதாரர் தொகையை 2021-ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கணக்கில் ஏற்பதில்லை. ஆகவே மேடைச் செலவு என்று எழுதினால் கோப்பு அங்கேயே நிற்கும்.

முத்துப்பேட்டைவாசி:
புதுக்கோட்டை உழவர்கள் தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர். அந்த மரத்தை விற்ற பணத்தில் கோப்பை வாங்குவதை உங்கள் ஊர் உழவர்கள் ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். எங்கள் பக்கம் அலையாத்திக் காட்டை மீட்க, ஓதநீர் புகும் வாய்க்கால்களை வெட்டும் பணியில் ஊர்மக்களையும் சேர்த்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின், காடு இருந்ததால் தப்பினோம் என்று மீனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு உதவி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வாய்க்கால்தான்.

கோரையாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. கபடியை ஊர் வரியிலேயே நடத்திக்கொள்கிறோம். ஐப்பசியில் புங்கனும் நாவலும் மருதமும் கேட்டு வனச்சரகருக்கு எழுதுகிறோம். 500 அல்ல, 100 மட்டும். அறுவடைக்குப்பின் கரையில் ஆடுகளை ஓட்டிவிடுவார்கள் என்பதால், கருவேல முள் கட்டினால் போதுமா, மூங்கில் கூண்டு வேண்டுமா என்பதை வனவர் ஐயா சொல்ல வேண்டும்.