புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை வீடு, பின்கட்டுக்கு அனுமதி உண்டா?

முந்தைய பதிவைப் பார்க்காதவர்களுக்கு: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டை விலை பேசியிருந்தோம். பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பஞ்சாயத்து அனுமதி இருக்கிறதா, எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தேன்.

பார்த்தாயிற்று. இல்லை.

"வரி கட்டின ரசீது இருக்குங்க, அப்புறம் என்ன?" என்பதுதான் விற்பவரின் ஒரே பதில். ரசீதை வாங்கிப் பார்த்தால் கட்டட எண்ணோடு 'யு.ஏ.' (அன்ஆத்தரைஸ்டு, அதாவது அனுமதியில்லாதது) என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் அனுமதியில்லாத கட்டடத்துக்கும் இப்படி ஓர் எண் போட்டு வரி வாங்குவார்கள். வரி கட்டியதாலேயே கட்டடம் முறையானதாகிவிடாது.

இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி பழைய பெர்மிட் வரைபடத்தையும் கேட்டு வாங்கினோம். அதில் வீடு நடுச்சுவரோடு முடிகிறது. இப்போது சமையல்கட்டு இருக்கும் இடத்தில் துவைகல்லும் காலியிடமும்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணில். வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் பின்பக்கத் துண்டு இன்னும் வயல்தான். அப்படியென்றால் 2008ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். டேட்டா பேங்கில், அதாவது அந்தச் சட்டப்படி எடுத்த நெல்வயல், சதுப்பு நிலப் பட்டியலில், சேர்ந்திருந்தால் முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும், அப்புறம்தான் வகை மாற்றம் (பதிவேட்டில் வயல் என்றிருப்பதை மாற்றுவது), அதற்கும் பின்னால்தான் கட்டடத்தை முறைப்படுத்துவது.

விற்பவர் விலையைக் குறைக்கிறேன் என்கிறார். வேண்டாம், காகிதத்தைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள், அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டோம். இதற்கிடையில் வேலந்தாவளம் பக்கம் இன்னொரு வீடு பார்க்கிறோம்.