செல்மா பக்கம் சிற்றூரில் வீடு: கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

நெல்லைமகள்:
எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் மருத்துவர். பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து தரும் ஜே-1 விசா விலக்கில், மருத்துவர் குறைவான ஊர்களுக்கான கான்ராட் 30 திட்டத்தின் கீழ், அவருக்கு ஆலபாமாவின் டல்லஸ் கவுண்டியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். செல்மாவுக்கு வெளியே ஒரு வீடு பிடித்திருக்கிறது: மூன்று படுக்கையறை, 2 ஏக்கர், பழைய மர வீடு, அடியில் கிரால் ஸ்பேஸ் (வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஊர்ந்து போகும் அளவு இடைவெளி). தண்ணீர் கவுண்டி லைனில் வருகிறது. கழிவுநீருக்கு செப்டிக், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் புரொபேன். சில மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இதுவரை அபார்ட்மெண்டிலேயே இருந்தோம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மண்ணும்நீரும்:
சகோதரி, அந்தப் பக்கம் முதலில் மண்ணைப் பாருங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம். செல்மா இருக்கும் பிளாக் பெல்ட் என்பது நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரியான பூமி. மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அடியில் செல்மா சாக் என்கிற சுண்ணாம்புப் படிவம். மேலே விழும் நீர் லேசில் கீழே இறங்காது.

செப்டிக்கில் தொட்டி வெறும் பாதி வேலைதான். திடக்கழிவு அதில் தங்கும், தெளிந்த நீர் டிரெயின் ஃபீல்டு குழாய்கள் வழியாக மண்ணுக்குள் ஊறிப்போக வேண்டும். உறிஞ்சாத மண்ணில் அது மேலே கசியும், இல்லாவிட்டால் குளியலறைக்கே திரும்பி வரும். பக்கத்து லவுண்ட்ஸ் கவுண்டியில் கழிவுநீர் முற்றத்திலேயே தேங்கும் வீடுகள் ஏராளம். சமூக ஆர்வலர் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடி வருகிறார். 2017-ல் ஐ.நா. பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் நேரில் போய்ப் பார்த்தார். பருத்தியையும் அடிமை முறையையும் அங்கே கொண்டுவந்ததும் இதே மண்தான், இன்றைய வறுமையும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. உங்கள் கணவரிடம் வரும் நோயாளிகளில் பலர் இந்த நிலைமையில் வாழ்பவர்களாக இருப்பார்கள். அவரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது: கவுண்டி சுகாதாரத் துறையில் வீட்டு முகவரியைக் கொடுத்து செப்டிக் அனுமதிப் பத்திரத்தின் நகல் கேளுங்கள். ஃபீல்டு எங்கே, எத்தனை படுக்கையறைக்கு அனுமதி என்று அதில் இருக்கும். பத்திரமே இல்லை என்றால் அந்த விலைக்கு வாங்காதீர்கள். மூன்று படுக்கையறைக்குப் பொதுவாக 1,000 கேலன் தொட்டி. பம்ப் செய்பவரை வரவழைத்து மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் முனையிலும் வெளியேறும் முனையிலும் டி-வடிவக் குழாய் உடையாமல் இருக்க வேண்டும். உறிஞ்சி எடுக்கும்போது ஃபீல்டு பக்கத்திலிருந்து நீர் தொட்டிக்குள் திரும்பி ஓடிவந்தால் ஃபீல்டு நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மாதக்கணக்கில் நீர் போகாததால் ஃபீல்டு காய்ந்திருக்கும், கெட்டுப்போன ஃபீல்டுகூட ஒரு நாள் சோதனையில் தேறிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை, நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும் இடம், ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாய் வளர்ந்த புல், இரண்டும் மோசமான அறிகுறி. அந்த மண்ணில் புதிதாக அமைப்பதென்றால் மேலே மணல் மேடு கட்டும் முறைதான் வரும், செலவு பல்லாயிரம் டாலர்.

குடிபோன பிறகு: 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை பம்ப் செய்யுங்கள். ஃபீல்டு மேல் வண்டி நிறுத்தக் கூடாது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் விடவே கூடாது, ஆறவைத்து டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். சோற்றுப் பருக்கையும் மாவுக் கழிவும் போகாமல் சிங்க்கில் வலை போடுங்கள். துணிமணி எல்லாவற்றையும் சனிக்கிழமையே துவைக்காமல் வாரம் முழுக்கப் பிரித்துத் துவையுங்கள்.

கூரைக்கீழ்:
மேலே சொன்ன மண் வீட்டின் அடித்தளத்தையும் ஆட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், அடைக்க முடியாமல் உரசும் கதவு, இவற்றைத் தேடுங்கள். கூரை நீர் சுவரோரம் விழாமல் குறைந்தது ஆறடி தள்ளிப் போக வேண்டும்.

கிரால் ஸ்பேஸுக்குள் யாராவது கட்டாயம் ஊர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். தரை முழுக்க 6 மில் தடிமன் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறதா, ஏசி குழாய்கள் வியர்த்துச் சொட்டுகின்றனவா, மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று ஈரமானியில் பார்க்கச் சொல்லுங்கள். தாண்டினால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகும்.

கரையான் ஒப்பந்தத்தை, அங்கே டெர்மைட் பாண்ட் என்பார்கள், உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டு வகை உண்டு: மறுபடி மருந்து மட்டும் அடிப்பது, சேதத்தையும் சரிசெய்து தருவது. இரண்டாவதுதான் வேண்டும்.

காப்பீட்டுக்காரரிடம் விலை பேசும் முன்பே பேசிவிடுங்கள். தீயணைப்பு நிலையம் சாலை வழியாக 5 மைலுக்கு மேல் இருந்தால் வீடு பெரும்பாலும் தீயணைப்பு வசதிக் கணக்கில் கடைசியான 10-ஆம் வகுப்பில் விழும், பிரீமியம் எகிறும். சூறாவளி, ஆலங்கட்டிக்குத் தனியாக 2 சதவீத டிடக்டிபிள் போடுவார்கள். 2,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்குச் சேதம் வந்தால் முதல் 4,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

இரவுக்காவல்:
டொர்னாடோ பற்றி யாரும் சொல்லவில்லை. மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், நவம்பர் டிசம்பரில் இன்னொன்று. ஆனால் செல்மா ஊருக்குள் புகுந்த டொர்னாடோ வந்தது 2023 ஜனவரி 12-ல். அந்தப் பகுதியில் இரவிலும் நிறைய வரும், மரங்களும் மேடுகளும் மறைப்பதால் கண்ணால் பார்த்து ஓட முடியாது.

ஊர் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, வீட்டுக்குள் தூங்குகிறவரை எழுப்பும் என்று நம்ப வேண்டாம். அரசின் வானிலை எச்சரிக்கையை ஒலிக்கும், பேட்டரியிலும் ஓடும் நோவா வெதர் ரேடியோ வாங்கி, டல்லஸ் கவுண்டிக்கான 001047 குறியீட்டைப் போடுங்கள். மேற்கே இருக்கும் மரெங்கோ கவுண்டியின் 001091-ஐயும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். வாட்ச் என்றால் வாய்ப்பு, தயாராக இருங்கள். வார்னிங் என்றால் அந்த நிமிடமே ஜன்னல் இல்லாத நடு அறைக்குள். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட், மூடிய காலணி, விசில் மூன்றையும் அந்த அறையிலேயே வைத்துவிடுங்கள். கிரால் ஸ்பேஸுக்குள் போகாதீர்கள், மேலே வீடு சரிந்தால் வெளியே வர வழியில்லை. கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்ட எஃகு அறைக்கு இடமிருந்தால் புயல் காப்பறைகளுக்கான ஐசிசி 500 தரம் பார்த்து வாங்குங்கள்.

தோட்டக்காரன்:
பிள்ளைகள் இருப்பதால் நெருப்பெறும்பைச் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து மொபீல் துறைமுகம் வழியாக வந்த எறும்பு, இன்று தெற்கு முழுக்க இருக்கிறது. புற்றில் வெந்நீர் ஊற்றினால் பக்கத்தில் புதுப் புற்று எழும்பும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை எண்ணெய் கலந்த மருந்துக் குருணையைப் புல்வெளி முழுக்கத் தூவுங்கள், ஏக்கருக்கு 1 முதல் 1.5 பவுண்டு. மண் காய்ந்திருக்க வேண்டும், ஒரு நாளாவது மழை வரக்கூடாது. தூவும் முன் ஓர் உருளைக்கிழங்கு சிப்ஸைப் புற்றருகே போடுங்கள். அரை மணியில் எறும்பு மொய்த்தால் இரை தேடும் நேரம், தூவலாம். குருணை பழசானால் எண்ணெய் சிக்கெடுத்துவிடும், எறும்பு தொடாது.

புரொபேன் தொட்டி வாடகையா சொந்தமா என்று கேளுங்கள். வாடகை என்றால் அந்தக் கம்பெனிதான் நிரப்ப முடியும், விலையும் அவர்கள் சொல்வதுதான். 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள், 30-க்கு இறங்கியதும் சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பழக்கம் ஒன்று: சவ ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவார்கள். நீங்களும் நிறுத்துங்கள். "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள், பெரும்பாலும் அன்பில் கேட்பதுதான். கோயிலுக்குப் போவோம் என்று இயல்பாகச் சொன்னால் போதும்.

நெல்லைமகள்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. விற்பவர் "போன மாதம்தான் செப்டிக்கைச் சுத்தம் செய்தோம்" என்கிறார். அது போதுமா?

மண்ணும்நீரும்:
போதாது. காலித் தொட்டியை வைத்து ஃபீல்டைப் பற்றி எதையும் கண்டுபிடிக்க முடியாது. பம்ப் செய்த ரசீதைக் கேளுங்கள், செய்தவரை நேரடியாகக் கூப்பிட்டு ஃபீல்டிலிருந்து நீர் திரும்பியதா என்று விசாரியுங்கள். நான்கு பேர் புழங்கினால் 1,000 கேலன் ஒரு வாரத்துக்குள் நிரம்பும், அதற்குப் பிறகுதான் ஃபீல்டின் லட்சணம் தெரியும். அதனால் முதல் வருடம் அதே வீட்டை வாடகைக்குத் தருவாரா, பிறகு வாங்கும் உரிமையோடு, என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஊரில் வீடு சீக்கிரம் விலைபோகாது, ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒப்பந்தத்தில் செப்டிக் பழுது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.