தீர்ப்பு யாரைக் கட்டும்? உங்கள் அனுபவங்கள்

ராமநாதபுரத்தில் வக்கீலாக இருக்கிறேன், நானே தொடங்குகிறேன். 2023 பிப்ரவரியில் ராமேஸ்வரம் பக்கமிருந்து நாட்டுப்படகுக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். மூத்தவர் சட்டைப்பையிலிருந்து பேப்பர் துண்டை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். மடிப்பெல்லாம் ஈரத்தில் நைந்திருந்தது.

"வக்கீல் தம்பி, சுருக்குமடிக்கு டெல்லியில அனுமதி கொடுத்துட்டாங்களாம். உச்ச நீதிமன்றம் சொன்னா எல்லாரையும் கட்டும்தானே? இனி நம்ம கடல்லயும் வந்து அடிப்பாங்களா?"

சுருக்குமடி என்பது மீன்கூட்டத்தை வளைத்து, அடியில் சுருக்கி மொத்தமாக அள்ளும் பெரிய வலை. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 141-வது பிரிவு. ஆனால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு வரியும் அப்படிச் சட்டமாகிவிடாது. வழக்கைத் தீர்க்க எந்தக் காரணம் தேவைப்பட்டதோ அதுதான் பின்வரும் வழக்குகளைக் கட்டும். போகிற போக்கில் சொன்னது கட்டாது. இவர்கள் கேட்டதோ அந்த ஜனவரியில் சுருக்குமடி வழக்கில் வந்த இடைக்கால உத்தரவு. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடி போடலாம் என்றது. வழக்கில் இருப்பவர்கள் அதற்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். ஆனால் தமிழக அரசு 2000-இல் போட்ட தடை செல்லுமா, செல்லாதா என்று அது முடிவு சொல்லவில்லை.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "12 மைலா? ராமேஸ்வரத்துலேர்ந்து கிழக்கே 12 மைல் போனா எல்லையத் தாண்டி இலங்கைக் கடல்லல்ல நிப்போம்?" என்றார். உத்தரவை மூன்று முறை படித்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து கடல் சம்பந்தப்பட்ட எந்த உத்தரவையும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

---

நான் பாம்பன் பக்கம். அம்மா கடலில் இறங்கிக் கடற்பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து எங்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறிதான். அந்தச் சட்டத்தை அம்மா ஒருநாளும் மனதார ஏற்றதில்லை. ஆனால் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று பெண்கள் கூடி முடிவெடுத்தார்களே, அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

ஒரு மாதம் 12 நாளும் முடிந்துவிட்டது. மறுநாள் நல்ல வத்தம் (கடல் நீர் வற்றியிருக்கும் நேரம்), தண்ணீர் தெளிவு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். அம்மா விரலில் சுற்றும் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். "யாரும் பார்க்கப் போறதில்லையேம்மா" என்றேன். "கூட்டத்துல நானும்தானடி கை தூக்குனேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

---

தங்கச்சிமடம். 2025 ஏப்ரல் 2, கச்சத்தீவை மீட்கக் கோரி சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய அன்று அப்பாவும் நானும் டீக்கடையில் இருந்தோம். 1991-இலும் இதே மாதிரி ஒரு தீர்மானம் வந்தது. "இது டெல்லியக் கட்டுமாடா?" என்றார். கட்டாதுப்பா, கோரிக்கைதான் என்றேன். "அப்ப 74-ல போட்ட கையெழுத்து மட்டும் என்னைய எப்படிக் கட்டுது?"

1974-இல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தைத்தான் சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வக்கீல் அண்ணன் சொல்லுங்கள்.

---

தம்பி, அப்பா கேட்டது சரியான கேள்வி. நாட்டின் நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதன்படி 9-வது திருத்தமும் வந்தது. ஆனால் தீராமல் கிடந்த எல்லையைத் தீர்த்துக்கொள்வதற்குத் திருத்தம் வேண்டாம் என்று குஜராத்தின் கட்ச் எல்லை வழக்கில் 1969-இல் சொல்லிவிட்டது. கச்சத்தீவு இரண்டாவது வகை என்பது மத்திய அரசின் வாதம். ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது, அதனால் முதல் வகை என்பது நம் வாதம். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனதும் இதற்காகத்தான்.

அப்பா எந்தெந்த வருஷம் கச்சத்தீவில் வலை காயப்போட்டார், யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி நினைவில்லை என்றால் தீவின் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்றாவது குறித்துக்கொள்ளுங்கள்.