பிளாட் போட பிளானர் தேடியபோது: நெல்லைப் பக்க அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

ரெட்டியார்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 5 ஏக்கர் புஞ்சை. சித்தப்பா, அத்தை, அப்பா என்று மூன்று பங்கு. துண்டு போட்டால் பாதைக்காகவே கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும். அதனால் மொத்தமாக டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கி மனை போட்டு, பணமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மனைப் பிரிவுக்குப் படம் போட்டுத் தரும் பிளானரைப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் பேசியவர் நிலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டாவை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு மறுநாளே படம் அனுப்பிவிட்டார். 400 சென்டுக்கு மேல் விற்பனைக்கு என்று போட்டிருந்ததும் சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். இருப்பது 500 சென்ட். ரோட்டுக்கு 140 போனால் மீதி 360. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய இடம் என்பதால் ரோடு நீங்கலாக 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு நிலமாகவே விட வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க வழி கிடையாது. அதில் 36 போனால் கையில் நிற்பது 324 சென்டுக்கு மேல் போகாது. "பார்க் எங்கே சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார். அவரோடு அத்தோடு சரி.

அடுத்தவர் லேப்டாப்பில் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், வரிசையாக ஈச்சமரம் என்று ஓட்டிக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 3 சென்ட், 4 சென்ட் வாங்க வருகிற வாத்தியார் குடும்பத்துக்கு அதெல்லாம் எதற்கு?

அப்புறம் வந்தவர் எம்.பிளான் (நகரத் திட்டமிடலில் முதுகலை) படித்த ஒரு மேடம். ஃபீஸ் பேசுவதற்கு முன்னால் அவர் கேட்டவை எஃப்.எம்.பி. (சர்வே எண்ணுக்கான புல வரைபடம்), அ பதிவேடு (நிலத்தின் வகை, பரப்பு, உரிமையாளர் விவரம் உள்ள கிராமக் கணக்கு), கிராம வரைபடம். பிறகு நிலத்தில் இறங்கி நடந்தார். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, மழை பெய்ஞ்சா இங்க தண்ணி எப்படிப் போகும்?" என்றார். "மேக்க உள்ள குளம் மறுகால் பாஞ்சா இந்தப் பனைக்கும் பம்புசெட்டுக்கும் நடுவுலதாம்மா வரும். அந்த மார்கழி பெறந்த அன்னைக்கு வந்துச்சே, அது மாதிரி நான் பாத்ததே இல்ல" என்றார் அவர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைச் சொல்கிறார். பம்புசெட் ரூம் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. மேடம் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்துக்கொண்டார். எஃப்.எம்.பி.யில் அந்த இடத்தில் ஓடை என்று ஒரு கோடும் கிடையாது. முதல் ஆள் படத்தில் அங்கேதான் கார்னர் மனைகள்!

டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து மேடு பள்ளம் அளந்த பிறகு, தண்ணீர் வரும் வழியில் ரோட்டையும் அகலமான வடிகாலையும் போட்டார். மனை எண்ணிக்கை குறைந்ததில் சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான். ரோடும் பூங்காவும் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்கும் நாளன்றுகூட முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எழுதி வாங்கினோம். ஆபீஸில் கேள்வி போட்டு ஃபைலைத் திருப்பினால் படத்தைத் திருத்தித் தருவது அவர் செலவு. படத்தைத் திருத்தக்கூடிய கேட் (CAD) ஃபைல் எங்கள் கைக்கு வர வேண்டும். பி.டி.எஃப். மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், பிறகு ஒரு கோடு மாற்றவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எங்கள் பக்கம் வேறு கதை. மனை போட நினைத்தது கால்வாய்ப் பாசன நஞ்சை. "மூணு மாசத்துல அப்ரூவல் என் பொறுப்பு" என்று ஒரு பிளானர் அட்வான்ஸ் கேட்டார். அரசு அறிவித்த நகரத் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற நஞ்சையை மனையாக்க கலெக்டர் இசைவு வேண்டும், அவர் வேளாண் இணை இயக்குநரிடம் கருத்துக் கேட்பார். மலையடிவாரக் கிராமங்கள் சில ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலிலும் இருக்கின்றன. இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாதக் கணக்குச் சொல்பவரிடம் என்ன பேச்சு? நாங்கள் நெல்லே போடுகிறோம்.

தாழையூத்திலிருந்து:

நான் வரைபட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மாஸ்டர் பிளானர் என்று விசிட்டிங் கார்டில் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆர்க்கிடெக்டுக்கு 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் பதிவு எண் உண்டு, கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டவுன் பிளானருக்கு அப்படித் தனி மத்தியச் சட்டமோ கவுன்சிலோ கிடையாது. அதனால் என்ன படித்தார், டவுன் பிளானர்களின் அமைப்பான ஐ.டி.பி.ஐ.யில் (ITPI) உறுப்பினரா என்று கேளுங்கள். அவர் போட்டு அப்ரூவல் ஆன லேஅவுட் ஒன்றுக்கு மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, மனைக்கு இவ்வளவு என்று ஃபீஸ் பேசாதீர்கள். மனை கூடக் கூட அவருக்குக் காசு என்றால் ரோட்டைச் சுருக்கத்தான் கை போகும். என் மச்சான் ஏக்கர் கணக்கில் பேசினான். அந்த பிளானர் முதலில் முறைத்தார், டீ குடித்து முடிப்பதற்குள் ஒத்துக்கொண்டார். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பர் வருகிற வரை போர்டு வைக்கக் கூடாது, விளம்பரம் போடக் கூடாது என்பதையும் அதே பேப்பரில் எழுதிக்கொண்டான், ஏனென்றால் புரோக்கர்கள் அதற்குள் துண்டுப் பிரசுரம் அடித்து வைத்திருந்தார்கள்.