போர்ட்டில் மருந்து உள்ளே போகிறது, ரத்தம் திரும்பி வரவில்லை

கேள்வி:
வணக்கம். என் தாயாருக்குக் கீமோ சிகிச்சைக்காக வலது காறை எலும்புக்குக் கீழே போர்ட் (தோலுக்கடியில் வைத்து, சிரைக்குள் செல்லும் குழாய் வழியாக மருந்து ஏற்றும் சிறு கருவி) பொருத்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. இடையில் ஐந்து வாரங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. சென்ற முறை ஊசியைச் செருகியபோது சலைன் தடையின்றி உள்ளே சென்றது; ஆனால் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தபோது ஒரு துளி ரத்தம்கூட வரவில்லை. "உள்ளே போகிறதே, அது போதும்" என்று மருந்தை ஏற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு எரிச்சல் ஏதும் இல்லை என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. போர்ட்டை எடுத்துவிட வேண்டியிருக்குமோ?

மறுமொழி 1 (புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்):
நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. போர்ட்டின் குழாய் நுனி இதயத்தின் வலது மேலறையை ஒட்டிய பெருஞ்சிரையில் நிற்கிறது. நாளடைவில் அந்த நுனியைச் சுற்றி ஃபைப்ரின் என்னும் உறைபுரதம் மெல்லிய உறையாகப் படிந்துவிடும். மருந்தைத் தள்ளும்போது அது விலகிக்கொடுக்கும், இழுக்கும்போது குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் காரணம் இதுதான். ஆனால் ஊசி சரியாக இறங்காதிருந்தாலும், குழாய் விரிசல் விட்டிருந்தாலும், நுனி இடம் மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும் என்பதால், ரத்தம் வருவதைப் பார்க்காமல் மருந்து ஏற்றுவதை நான் ஏற்கமாட்டேன். டாக்சோருபிசின், வின்கிறிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும்.

அதற்காகப் போர்ட்டை உடனே எடுக்க வேண்டியதில்லை. முதலில் கையை உயர்த்தி, தலையைத் திருப்பி, இருமச் சொல்லிப் பார்ப்போம். பிறகு ஊசியை மாற்றிச் செருகுவோம். அப்போதும் வரவில்லை என்றால், மருத்துவர் சொல்லின்பேரில் உறைவைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தை 2 மில்லிகிராம் குழாய்க்குள் நிரப்பி, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை காத்திருந்து இழுத்துப் பார்ப்போம். பல குழாய்கள் அதிலேயே திறந்துவிடும். அதற்கும் பலனில்லை என்றால் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். அடைப்பு இருக்கும் குழாயில் சிறிய சிரிஞ்சால் அழுத்தித் தள்ள ஒருபோதும் விடாதீர்கள். சிரிஞ்சு சிறியதாக ஆக அழுத்தம் கூடும், அதனால்தான் 10 மில்லிக்குக் குறைந்ததை நாங்கள் கையில் எடுப்பதில்லை.

மறுமொழி 2:
என் கணவருக்கும் இப்படித்தான் ஆனது. இடப்பக்கம் சரிந்து படுத்து, வலக்கையைத் தலைக்கு மேல் வைத்தபோது, அதுவரை தெளிவாக இருந்த குழாயில் கரும்சிவப்பாக ரத்தம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எந்த நிலையில் படுத்தால் வருகிறது, எந்த நீள ஊசி பொருந்துகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் செவிலியரிடம் காட்டுகிறேன். முன்பு ஒரு மருத்துவமனையில் சாதாரண ஊசியைக் குத்த முயன்றார்கள். அது போர்ட்டின் சிலிகான் மூடியைத் துளைத்துச் சேதப்படுத்திவிடும் என்பதால், போர்ட்டுக்கென்றே உள்ள ஹியூபர் ஊசி கிடைக்கும்வரை காத்திருந்தோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஐந்து வார இடைவெளிதான் அடைப்புக்குக் காரணமா?

மறுமொழி 1:
அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஃபிளஷ் செய்வது, அதாவது சலைன் செலுத்திக் குழாயைக் கழுவுவது, பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் மூன்று மாதம் வரைகூட விடுகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபிளஷ் செய்த பின் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலோ, அடுத்த சிகிச்சை நாள்வரை பொறுக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.