உதவி தேவை: ரெடிமேட் பிளான்படி நாலு போர்ஷன் வீடு, பேஸ்மட்டத்தை உயர்த்தினால் 7 மீட்டரைத் தாண்டுகிறது

உப்பலவாடிக்காரன்:
வணக்கம். கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடியில் அப்பா வாங்கிப் போட்ட மனை இருக்கிறது, முப்பதுக்கு ஐம்பது. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு சின்ன போர்ஷன் கட்டி, ஒன்றில் அம்மாவை வைத்துவிட்டு மூன்றை வாடகைக்கு விடலாம் என்று எண்ணம்.

கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர், அங்கே அரசே தயார் வரைபடங்களை இலவசமாகக் கொடுக்கிறது என்று நாலு வீட்டு டிசைன் ஒன்றை அனுப்பினார். பார்க்க அழகு, ஆனால் நம் ஊருக்குச் சரிவருமா என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே ஒருவரிடம் காசு கொடுத்து ரெடிமேட் பிளான் வாங்கினேன். 'சுயசான்றுக்கு (அதிகாரி ஆய்வு இல்லாமல், நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் முறை) ஏற்றது, அப்படியே ஏற்றலாம்' என்றார்.

சிக்கல் இதுதான். பிளானில் பேஸ்மட்டம், அதாவது ரோட்டு மட்டத்திலிருந்து வீட்டுத் தரையின் உயரம், 2 அடி. 2024 டிசம்பரில் தென்பெண்ணைத் தண்ணீர் எங்கள் தெருவில் ஏறி நின்றதைப் பார்த்தவன் நான், 4 அடியாவது வேண்டும் என்றேன். விற்றவர், 'உயர்த்தினால் 7 மீட்டர் தாண்டிவிடும், அனுமதி வராது' என்கிறார். உண்மையா, இல்லை திருத்தித் தர சோம்பலா?

வரைபடமேசை:
உண்மைதான். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் என்பதுதான் அப்போது அறிவித்த அளவு. உங்கள் பிளானில் அறை உயரம் 10 அடி, மேலே போடும் கான்கிரீட் தளம் 5 அங்குலம் என்றால்: 2 அடி பேஸ்மட்டம், இரண்டு மாடிக்கும் சேர்த்து 20 அடி 10 அங்குலம். மொத்தம் 22 அடி 10 அங்குலம், அதாவது 6.96 மீட்டர். நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 4 அடி ஆக்கினால் 7.57.

அறை உயரத்தைக் குறைத்தால் வழி உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், கிட்டத்தட்ட 9 அடி. இரண்டு மாடிக்குத் தளத்தோடு சேர்த்து 5.75 மீட்டர். 4 அடி பேஸ்மட்டம் 1.22. ஆக 6.97. முடிந்தது.

கனடா டிசைனைப் பற்றி: அந்த நாட்டு அடமான, வீட்டுவசதிக் கழகம் 2025-இல் வெளியிட்ட தொகுப்பாக இருக்கும், சுமார் 50 டிசைன். மரச்சட்டச் சுவர், பனிச்சுமை, குளிர் காப்பு என்று அந்த ஊருக்காக வரைந்தது. அங்கேயும் அதை வைத்து நேராகக் கட்டிவிட முடியாது, மனைக்கு ஏற்ப மாற்றி உள்ளூர் அனுமதி வாங்க வேண்டும். படிக்கட்டை நடுவில் வைத்து நாலு வீட்டையும் பிரித்திருக்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார்மகன்:
கணக்கு பேப்பரில் சரி, சைட்டில் இடிக்கும். மேல்மாடித் தரைக்குக் கலவை, டைல்ஸ் சேர்த்து 5 செ.மீ. போகும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்தால் இன்னொரு 10 செ.மீ. இந்த இரண்டையும் யாரும் பிளானில் எழுதுவதில்லை. சேர்த்தால் 7.12 ஆகிவிடும். மூன்றரை அடி பேஸ்மட்டம் என்றால்தான் 6.97-இல் நிற்கும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். 4 அடி என்பது எங்கிருந்து வந்தது? தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அளந்தீர்களா, இல்லை பயத்தில் சொன்ன நம்பரா?

உப்பலவாடிக்காரன்:
பயத்தில் சொன்ன நம்பர்தான். மறைப்பானேன்.

இன்று காலை போய் அளந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது, வெள்ளையடித்தும் மறையவில்லை. ரோட்டு மட்டத்திலிருந்து டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தால் 2 அடி 9 அங்குலம். ரெடிமேட் பிளானை நம்பியிருந்தால் கீழ் போர்ஷன் இரண்டிலும் முக்கால் அடி தண்ணீர் நின்றிருக்கும்.

வரைபடமேசை:
கொத்தனார்மகன் சொன்னது சரி, நான் பூச்சுக் கணக்கை விட்டுவிட்டேன். மூன்றரை அடி என்றால் கோட்டுக்கு மேல் 9 அங்குலம் கிடைக்கிறது.

ஆனாலும் இந்தப் பாதை எனக்குப் பிடிக்கவில்லை. கடலூர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே 9 அடி அறையில் வாடகைக்கு வருபவர் இரண்டு கோடை தாங்க மாட்டார். அதோடு, சுயசான்று ஒரு குடும்பம் தனக்குக் கட்டிக்கொள்ளும் சின்ன வீட்டை மனதில் வைத்து வந்தது. நாலு அடுப்படியை வைத்துக்கொண்டு 'ஒரே வீடு' என்று ஏற்றச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வு இல்லை என்பதற்காகப் பொய் உண்மையாகிவிடாது. நாலு மின் இணைப்பு கேட்கும்போது அந்தப் பொய்க்குப் பொறுப்பு நீங்கள், பிளான் விற்றவர் அல்ல.

நாலு வீடு என்று உள்ளபடி போட்டு வழக்கமான அனுமதிக்குப் போங்கள். சில வாரம் கூடுதலாகும். 7 மீட்டர் தொல்லை அங்கே கிடையாது, 10 அடி அறையும் 4 அடி பேஸ்மட்டமும் தாராளமாக வைக்கலாம். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை மட்டும் புதிய உயரத்துக்கு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினம்_காற்று:
உயரத்தைப் பேசுகிறீர்கள், மனையே கட்டத் தக்கதா என்று யாரும் கேட்கவில்லையே. குண்டு உப்பலவாடி என்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பெண்ணையாற்று முகத்துவாரம். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அலை ஏறும் ஆற்றோரத்துக்கும் தனி எல்லை உண்டு. சர்வே எண்ணை வைத்து அந்த மண்டல வரைபடத்தைப் பாருங்கள். என் சித்தப்பா அஸ்திவாரக் குழி எடுத்த பிறகுதான் பார்த்தார்.

அப்புறம், லேஅவுட் அங்கீகாரம் இல்லாத மனையா? 2016 அக்டோபர் 20-க்கு முன் கிரயம் ஆனது என்றால் வரன்முறைப்படுத்த வழி இருந்தது. அந்த உத்தரவு அப்பாவின் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

உப்பலவாடிக்காரன்:
வரன்முறை உத்தரவு கிடைத்தது, பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தார். கடற்கரை வரைபடத்தை நாளை பார்க்கிறேன். அது சரியாக இருந்தால் வழக்கமான அனுமதி, 4 அடி பேஸ்மட்டம். முடிவு செய்துவிட்டேன்.

கொத்தனார்மகன்:
பிளான் திருத்தும்போது இன்னும் இரண்டைச் சொல்லிவிடுங்கள். ரெடிமேட் பிளானில் மீட்டர் போர்டைப் படிக்கட்டுக்குக் கீழே காட்டியிருப்பார்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வரைவார்கள். நாலு மீட்டரும் அந்தச் சேற்றுக் கோட்டுக்கு மேலே வர வேண்டும், படிக்கட்டுத் திருப்பத்துச் சுவரில் வைக்கலாம். செப்டிக் டேங்க் மூடியும் அதே கதை. தரை மட்டத்தில் விட்டால் வெள்ளத்தில் நாலு வீட்டு அழுக்கும் சம்ப்பில்தான் வந்து சேரும். மூடியை உயர்த்தி, சம்ப்பை எதிர்மூலைக்குத் தள்ளுங்கள்.

உப்பலவாடிக்காரன்:
பிளானை எடுத்துப் பார்த்தேன். மீட்டர் போர்டு படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, தரையிலிருந்து 2 அடியில்.