பழைய காரே போதுமா, மைலேஜ் தரும் புதுசு வாங்கலாமா? குமரி மாவட்டத்தில் கார் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

திங்கள்நகரிலிருந்து:

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2008 மாடல் ஆல்டோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. புதுசு வாங்கினால் 22 கிடைக்கும், பெட்ரோல் காசு மிச்சமாகும் என்கிறாள் மகள். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

வருஷத்துக்கு நான் ஓட்டுவது சுமார் 8,000 கிலோமீட்டர். தக்கலை, நாகர்கோவில், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை போனாலும் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் வரும் மாவட்டம் இது. இந்த ஓட்டத்துக்குப் புதுக் காரில் மிச்சமாவது 170 லிட்டர், அதாவது வருஷத்துக்கு 17,000 ரூபாய். காருக்குப் போடும் ஆறு லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்கில் போட்டால் 42,000 வரும். கடன் எடுத்து வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் நம் மாநிலத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரியே 13 சதவீதம்.

பழைய காருக்கும் செலவு உண்டு. 15 வருஷம் முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி. 20 வருஷம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணம் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். ஆயிரம் சிசிக்குக் கீழ் என்பதால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2,094 ரூபாய். டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் சேர்த்தாலும் என் வண்டிக்கு வருஷம் இருபதாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் கவிழ்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, துரு. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். எங்கள் ஒர்க்‌ஷாப் ஆசான் எந்தப் பழைய வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பார். “இஞ்சின் கொள்ளாம் மக்கா, அடி போச்சுன்னா வண்டி போச்சு” என்பார். இஞ்சின் நன்றாக இருந்தாலும் அடித்தகடு போனால் வண்டியே போச்சு என்று அர்த்தம். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். ரப்பர் தோட்டத்துச் சருகும் மண்ணும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே ஓட்டையே விழுந்திருக்கும். ஈர்க்குச்சியால் குத்தி அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வது, கடற்கரைக்குப் போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது, மழைக்காலத்துக்கு முன் அடியில் துரு தடுக்கும் பூச்சான அண்டர்கோட்டிங் அடிப்பது. இதைச் செய்வதால்தான் என் வண்டி இன்னும் நிற்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணே, உங்கள் கணக்கு உங்கள் ஓட்டத்துக்குச் சரி. நான் தினமும் திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க் வரை போய் வருகிறவன், வருஷத்துக்கு 25,000 கிலோமீட்டர் வரும். பழைய வண்டி 13 கொடுத்தது. 2022-ல் செலேரியோ ஆட்டோமேட்டிக் எடுத்தேன். கம்பெனி சொல்லும் மைலேஜ் 26.68. பாலராமபுரம் நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தால் 20 கிடைக்கும், அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. அப்படியும் வருஷத்துக்கு 670 லிட்டர் மிச்சம், 67,000 ரூபாய்.

ஆனால் நான் வாங்கியது அந்தக் காசுக்காக மட்டும் இல்லை. ஒரு மழை இரவில் பழைய வண்டியில் நெய்யாற்றின்கரை தாண்டி வரும்போது, கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி ஒன்று பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டே போனது. லாரியை ஒட்டிப் போய் நின்றது. பின் சீட்டில் என் அம்மாவும் குழந்தையும் இருந்தார்கள். ஏபிஎஸ் பிரேக் இருந்திருந்தால் சக்கரம் பூட்டாது, ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்கியிருக்கலாம். நம் நாட்டில் எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் பக்க ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில். அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இரண்டுமே கிடையாது. உங்கள் மகள் மைலேஜைப் பற்றிச் சொல்லட்டும், நீங்கள் பிரேக்கைப் பற்றி யோசியுங்கள் அண்ணே.

குலசேகரத்திலிருந்து:

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் 2020 மாடலை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் உண்டு, முதல் ஆள் கையிலேயே விலை நன்றாக இறங்கிவிட்டது. கேரளா நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகிறவர்கள் அங்கே ஆட்சேபமில்லைச் சான்று (என்ஓசி) வாங்கி இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே 2018-ல் வந்த வெள்ளத்துக்கு முந்தைய வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ஆல்டோ என்றால் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை ஆசானிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

திங்கள்நகரிலிருந்து மறுபடியும்:

தம்பி பிரேக்கைப் பற்றிச் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆல்டோவை விற்கப்போவதில்லை. நாகர்கோவில், தக்கலை வரை பகலில் அது ஓடட்டும். திருவனந்தபுரம் ஏர்போர்ட், திருநெல்வேலி, ராத்திரிப் பயணம் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் உள்ள டாக்ஸியைத்தான் கூப்பிடுவோம். வருஷத்துக்குச் சில தடவைதான், அந்த வாடகை 42,000-க்குப் பக்கத்தில்கூட வராது. ரப்பர் குழாய்களை இந்த வாரமே பார்க்கச் சொல்லிவிட்டேன்.